யார் வீட்டுப் பிள்ளை இந்த எஸ்விசிஹோஸ்ட்?

கேள்வி: கும்பகோணத்தில் வீட்டு முன்னறையிலேயே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, பில் புக் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். போன மாதம் வந்த என் நாத்தனார் மகன், “என்ன அத்தை, பாதுகாப்பே இல்லாம வெச்சிருக்கீங்க” என்று சொல்லி ஒரு இலவச ஃபயர்வாலைப் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு பெட்டி குதிக்கிறது. எஸ்விசிஹோஸ்ட் இணையத்துக்குப் போகணுமாம், விடலாமா, தடுக்கலாமா என்று கேட்கிறது. அடுத்து எல்எஸ்ஏஎஸ்எஸ், அப்புறம் ஸ்பூல்எஸ்வி. நான் போடாத கோப்புகள் ஏன் வெளியே போக வேண்டும்? ஒரு வாரம் எல்லாவற்றையும் விட்டேன். பிறகு பயம் வந்து, எல்லாவற்றுக்கும் ‘எப்போதும் தடு’ என்று கொடுத்துவிட்டேன். மறுநாள் வைஃபை இருக்கிறது, எந்தத் தளமும் திறக்கவில்லை. வைஃபை பிரிண்டரும் அசையவில்லை. டாஸ்க் மேனேஜரில் எஸ்விசிஹோஸ்ட் மட்டும் எழுபதுக்கு மேல் ஓடுகிறது. எதிர்க் கடைக்காரர், “அத்தனையும் வைரஸ், சிஸ்டம்32-க்குள் போய் அழித்துவிடுங்கள்” என்கிறார். அந்தப் பெட்டிகளைப் போனில் படம் எடுத்தேன், ஆறு படம் அனுப்பியிருக்கிறேன். அழிக்கலாமா?

பதில்: சகோதரி, சிஸ்டம்32 என்பது விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை வைத்திருக்கும் ஃபோல்டர், அதற்குள் எதையும் அழிக்க வேண்டாம். அதே சமயம், இதைப் படித்து முடிக்கும்வரை அந்தக் கம்ப்யூட்டரில் வைஃபையை அணைத்தே வையுங்கள். நீங்கள் அனுப்பிய ஆறில் ஐந்து சாதுவான கோப்புகள். ஆறாவது படம் அப்படியில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் முதல் ஐந்தும் புரிந்தால்தான் ஆறாவதில் என்ன கோளாறு என்று உங்கள் கண்ணுக்கே தெரியும்.

இணையம் ஏன் நின்றது? விண்டோஸில் பின்னணி வேலைக்காரர்கள் நிறையப் பேர். சர்வீஸ் என்று பெயர். பிரவுசரில் நீங்கள் எழுதும் தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ் கிளையன்ட். ரூட்டரிடம் போய் உங்கள் கம்ப்யூட்டருக்கு முகவரி வாங்கி வருவது டிஹெச்சிபி கிளையன்ட். கடிகாரத்தைச் சரி செய்ய ஒன்று, விண்டோஸ் அப்டேட் கொண்டுவர ஒன்று. இவற்றில் பெரும்பாலானவை டிஎல்எல் என்ற வகைக் கோப்புகள். டிஎல்எல் தானாக ஓடாது, அதை யாராவது சுமந்துகொண்டு ஓட வேண்டும். அந்தச் சுமக்கிற ஆள்தான் எஸ்விசிஹோஸ்ட். சர்வீஸ் ஹோஸ்ட் என்பதைத்தான் அப்படிச் சுருக்கியிருக்கிறார்கள். ஆக, வெளியே போகணும் என்று உங்களைக் கேட்டது டிஎன்எஸ்ஸாக இருக்கலாம், கடிகாரமாக இருக்கலாம். வாசலில் தெரிந்தது சுமப்பவரின் முகம் மட்டும். நீங்கள் அவரை ‘எப்போதும் தடு’ என்றதும் உள்ளே இருந்த அத்தனை பேரும் மாட்டிக்கொண்டார்கள். வைஃபை குறி எரிகிறது, ஆனால் எந்தத் தளப் பெயருக்கும் முகவரி கிடைக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

எழுபது எஸ்விசிஹோஸ்ட் என்பதும் சாதாரணமே. முன்பெல்லாம் இது ஷேர் ஆட்டோ மாதிரி. ஒரே எஸ்விசிஹோஸ்டில் பத்து சர்வீஸ்கூட ஏறிக்கொள்ளும். அதில் ஒன்று மயங்கி விழுந்தால் மற்ற எல்லாரும் நடுரோட்டில் நிற்பார்கள். 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1703 பதிப்பிலிருந்து ஏற்பாடு மாறியது. ரேம் 3.5 ஜிபிக்கு மேல் இருந்தால் பெரும்பாலான சர்வீஸ்களுக்கு ஆளுக்கு ஒரு வண்டி. உங்களுக்கு 8 ஜிபி. அதனால் எழுபது.

பிரிண்டர் கதை இன்னும் சுலபம். ஸ்பூல்எஸ்வி என்பது அச்சு வேலைகளை வரிசையில் நிறுத்தி அனுப்பும் பிரிண்ட் ஸ்பூலர். யுஎஸ்பி வயரில் மாட்டிய பிரிண்டர் என்றால் அதைத் தடுத்தாலும் அச்சாகும். உங்களுடையது வைஃபை பிரிண்டர், நெட்வொர்க் வழியாகத்தான் போயாக வேண்டும். எல்எஸ்ஏஎஸ்எஸ் நீங்கள் கொடுக்கும் கடவுச்சொல்லைச் சரிபார்க்கிற காவலாளி. அலுவலக நெட்வொர்க்கில் இணைந்த கம்ப்யூட்டர் என்றால் அது சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்க அடிக்கடி வெளியே போகும். வீட்டில் அவ்வளவு வேலை இருக்காது. ஆனால் மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து விண்டோஸுக்குள் நுழைகிறவர் என்றால் எப்போதாவது போவதில் வியப்பில்லை.

சரி, எதிர்க் கடைக்காரர் சொன்னதைச் செய்ய நீங்கள் முயன்றிருந்தாலும் விண்டோஸ் லேசில் விட்டிருக்காது. சிஸ்டம்32-இல் உள்ள முக்கியமான கோப்புகளுக்கு உரிமையாளர் நீங்கள் இல்லை, டிரஸ்டட்இன்ஸ்டாலர் என்ற ஒரு உள்கணக்கு. கம்ப்யூட்டர் வாங்கிய பில் உங்கள் பெயரில் இருந்தாலும் இந்த விஷயத்தில் நீங்கள் குடித்தனக்காரர்தான். பழைய விண்டோஸில் இந்தக் காவல் இவ்வளவு இறுக்கமாக இல்லை. 2002-இல் ஒரு மின்னஞ்சல் ஊர் ஊராகச் சுற்றியது. உங்கள் கம்ப்யூட்டரில் சாம்பல் நிறக் கரடி பொம்மை ஐகானோடு ஒரு கோப்பு இருக்கிறதா பாருங்கள், அது வைரஸ், 14 நாள் தூங்கிவிட்டு எழுந்து எல்லாவற்றையும் நாசம் செய்யும், ஆன்டிவைரஸ் கண்டுபிடிக்காது, உடனே அழித்துவிட்டு எல்லாருக்கும் தெரியப்படுத்துங்கள் என்று. தேடினால் கரடி நிஜமாகவே இருக்கும்! ஜேடிபிஜிஎம்ஜிஆர் என்ற அந்தக் கோப்பு விண்டோஸோடு வந்த ஒரு ஜாவா துணைக்கருவி. பொம்மையைப் பார்த்துப் பயந்து அழித்தவர்கள் ஏராளம். வைரஸே இல்லாமல், ஒரு கடிதத்தை மட்டும் வைத்து, அவரவர் கையாலேயே கோப்பை அழிக்க வைத்தார்கள். கோப்பின் பெயரைப் பார்த்து முடிவுகட்டாதீர்கள் என்று நான் வாடிக்கையாளர்களிடம் ஓதிக்கொண்டே இருப்பதற்கு அந்தக் கரடியும் ஒரு காரணம்.

பெயர் எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். 2003-இல் வெல்ச்சியா என்ற புழு வந்தது. கம்ப்யூட்டர் விட்டுக் கம்ப்யூட்டர் தானாகவே பரவும் நிரலைத்தான் புழு என்கிறார்கள். அது தன் கோப்புகளுக்கு எஸ்விசிஹோஸ்ட், டிஎல்எல்ஹோஸ்ட் என்று அசல் விண்டோஸ் கோப்புகளின் பெயரையே, ஓர் எழுத்துகூட மாறாமல், வைத்துக்கொண்டது. சிஸ்டம்32-க்குள்ளேயே வின்ஸ் என்ற உள்ஃபோல்டரில் உட்கார்ந்திருந்தது. அசல் ஒரு படி மேலே, போலி ஒரு படி கீழே. பெயரை மட்டும் பார்த்தவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுத்து விளையாட்டு இன்னும் பழைய தந்திரம். எஸ்-வி-சி என்பதை எஸ்-சி-வி என்று மாற்றிப் போடுவார்கள். ‘ஹோஸ்ட்’டில் உள்ள ஓ எழுத்துக்குப் பதில் பூஜ்யம் வைப்பார்கள். எல்எஸ்ஏஎஸ்எஸ்ஸின் முதல் எழுத்து ஆங்கிலச் சின்ன எல். அந்த இடத்தில் பெரிய ஐ-யைப் போட்டால் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே நெட்டைக் கோடு. எழுத்துருவிலேயே குடியிருக்கிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அப்படியென்றால் எதைக் கேட்பது? ஊருக்குள் தெரியாத பையன் ஒருவன் வந்தால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற பெரியவர் பெயரைக் கேட்டு நிறுத்துவதில்லை. எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, எங்கே கிளம்பிவிட்டாய் என்று மூன்றையும் கேட்டுவிடுவார். கோப்பையும் அப்படித்தான் விசாரிக்க வேண்டும்.

எந்த ஊர் என்பதுதான் முதல் கேள்வி, பாதிச் சிக்கல் அதிலேயே தீர்ந்துவிடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போய், சந்தேகப்படும் பெயரின் மேல் ரைட் கிளிக் செய்து, ‘ஓபன் ஃபைல் லொக்கேஷன்’ கொடுங்கள். கோப்பு குடியிருக்கும் ஃபோல்டர் திறக்கும். அசல் எஸ்விசிஹோஸ்டின் ஊர் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32. பழைய 32-பிட் வகைக்கு மட்டும் சிஸ்வாவ்64 என்ற பக்கத்து ஃபோல்டர். இந்த இரண்டைத் தவிர வேறு எங்கிருந்தாவது ஒரு எஸ்விசிஹோஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் நான் அதை நம்ப மாட்டேன். எல்எஸ்ஏஎஸ்எஸ்ஸுக்கும் ஸ்பூல்எஸ்விக்கும் சிஸ்டம்32 ஒன்றே ஊர்.

யார் வீட்டுப் பிள்ளை என்பதற்கு இரண்டு இடத்தில் பதில் இருக்கிறது. ஒன்று கையெழுத்து. கோப்பின் மேல் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், அதில் ‘டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ்’ என்ற பக்கம். எஸ்விசிஹோஸ்டில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்று தொடங்கும் பெயர் இருக்கும். இதில் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. நோட்பேட் மாதிரி பல அசல் விண்டோஸ் கோப்புகளில் அந்தப் பக்கமே இருக்காது. அவற்றின் கையெழுத்து கோப்புக்குள் இல்லாமல் தனிப் பட்டியலில் இருக்கும். ஆக, கையெழுத்துப் பக்கம் இல்லை என்பதற்காக மட்டும் யாரையும் திருடன் என்று சொல்லிவிடாதீர்கள். இன்னொன்று, அதை ஓடவிட்டது யார் என்பது. அசல் எஸ்விசிஹோஸ்டைக் கிளப்புவது சர்வீசஸ் என்ற தாய் நிரல். டாஸ்க் மேனேஜரில் இந்த வம்சாவளி சரியாகத் தெரியாது. மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் ப்ராசஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற கருவியில் மரம் மாதிரி தாய்க்குக் கீழே பிள்ளையாகத் தெரியும். சிஸ்இன்டர்னல்ஸ் என்ற தொகுப்பில் அது வருகிறது. என் பென் டிரைவில் வருடக்கணக்காகக் குடியிருக்கிற ஒரே கருவி அது. அதிலேயே, கோப்பின் கைரேகை போன்ற ஹேஷை வைரஸ்டோட்டல் என்ற சோதனைத் தளத்துக்கு அனுப்பி, பல ஆன்டிவைரஸ்கள் என்ன சொல்கின்றன என்று பார்க்கும் வசதியும் உண்டு.

எங்கே கிளம்பினாய் என்ற மூன்றாவது கேள்வியில் நான் அதிகம் நம்பிக்கை வைப்பதில்லை. ரிசோர்ஸ் மானிட்டரில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால் எந்தக் கோப்பு எந்த முகவரியோடு பேசுகிறது என்று காட்டும். ஆனால் மைக்ரோசாஃப்டின் அப்டேட்கூடப் பெரிய விநியோக நிறுவனங்களின் சர்வர்கள் வழியாக வருவதால், பதிலாக வெறும் எண்களும் சம்பந்தமில்லாத கம்பெனிப் பெயர்களும் கிடைக்கும். அதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம்.

இப்போது ஆறாவது படம். உங்கள் போன் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பெயர் எஸ்விசிஹோஸ்ட்தான், எழுத்துப் பிழை இல்லை. கீழே பொடி எழுத்தில் இருக்கும் ஊரைப் படியுங்கள். சி டிரைவ், யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா, ரோமிங், அப்புறம் ஃபான்ட் அப்டேட் என்று ஒரு ஃபோல்டர். வெளியிட்டவர் என்ற இடத்தில் ‘அன்நோன்’. ஆப்டேட்டா என்பது செயலிகள் உங்கள் கணக்குக்கான தங்கள் கோப்புகளை வைக்கும் ஃபோல்டர். அங்கே இருப்பது மட்டும் குற்றமில்லை, ஜூம் மாதிரி நல்ல செயலிகளும் அங்கே குடியிருக்கின்றன. விண்டோஸின் சொந்தக் கோப்பின் பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் ஆப்டேட்டாவில் ஏன் ஒளிந்திருக்கிறான் என்பதுதான் கேள்வி. அதற்கு நல்ல பதில் எதுவும் எனக்குத் தெரியாது.

எப்படி வந்தது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனால் டிடிபி கடைகளில் நான் பார்த்த வழிகள் இரண்டு. டிசைன் சாஃப்ட்வேரைக் காசு கொடுக்காமல் ஓட்ட வைக்கும் கிராக், அல்லது ‘ஆயிரம் தமிழ் ஃபான்ட் இலவசம்’ வகை மூட்டை. போடும்போது “ஆன்டிவைரஸை ஒரு நிமிடம் நிறுத்துங்கள்” என்று அது சொல்லியிருந்தால் மீதியை நீங்களே ஊகிக்கலாம். இன்னொரு வழி வாடிக்கையாளர் கொண்டுவரும் பென் டிரைவ். விண்டோஸ் கோப்புப் பெயரின் வால் எழுத்துகளை வழக்கமாக மறைத்தே காட்டும். ‘பத்திரிகை மேட்டர் பிடிஎஃப்’ என்று கண்ணுக்குத் தெரிவது, பிடிஎஃப்புக்குப் பின்னால் இஎக்ஸ்இ என்ற வால் ஒளிந்திருக்கும் நிரலாகவும் இருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை டிக் செய்து வையுங்கள். உங்கள் தொழிலுக்கு இது அவசியம்.

அந்த ஆறாவதை மட்டும் டெலீட் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. இப்படிப்பட்டவை தங்களைத் திரும்ப எழுப்ப வேறு இடத்தில் ஒரு ஆளை வைத்திருக்கும். வைஃபை அணைத்தபடியே விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்புப் பக்கத்தில் முதலில் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியலைப் பாருங்கள். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். கிராக் போடும் நிரல்கள் சத்தமில்லாமல் முழு சி டிரைவையும் ‘இங்கே தேடாதே’ பட்டியலில் சேர்த்துவிட்டுப் போவதுண்டு. அப்படி வைத்துவிட்டு எத்தனை ஸ்கேன் செய்தாலும் ‘எந்த அபாயமும் இல்லை’ என்றே வரும். நீங்கள் சேர்க்காதது எது இருந்தாலும் நீக்கிவிடுங்கள். பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’. கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழும், விண்டோஸ் முழுதாக விழிப்பதற்குள் சோதிக்கும். சுமார் கால் மணி நேரம் ஆகும். இதற்கு நடுவில் ஸ்விட்சை அணைத்துவிடாதீர்கள்.

அடுத்து அந்த இலவச ஃபயர்வாலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள். உங்கள் இணையமும் பிரிண்டரும் அநேகமாக அப்போதே உயிர் பெற்றுவிடும். வைஃபையைப் போட்டு, கடவுச்சொல் எதுவும் தட்டாமல், விண்டோஸ் அப்டேட் மட்டும் ஓடவிடுங்கள். நீங்கள் எஸ்விசிஹோஸ்டைத் தடுத்த நாளிலிருந்து விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் வைரஸ் பட்டியலும் பழசாகவே நின்றிருக்கும். அது புதுசானதும் ஆஃப்லைன் ஸ்கேனை இரண்டாவது முறை ஓட்டுங்கள். முதல் முறை நழுவியது இரண்டாவது முறை அகப்படலாம்.

அந்த ஒரு வாரம் எல்லாவற்றையும் ‘விடு’ என்று அழுத்தியிருக்கிறீர்கள். ஆறாவதும் வெளியே போய்ப் பேசிவிட்டு வந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். எனவே மின்னஞ்சல், நெட்பேங்கிங் கடவுச்சொற்களை உங்கள் போனிலிருந்து மாற்றுங்கள், இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வேண்டாம். கணக்கில் நீங்கள் எடுக்காத பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு, காலம் தாழ்த்தாமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. அசல் ஊர், அசல் கையெழுத்து எல்லாம் சரியாக இருந்தும் உள்ளே விஷம் இருக்கலாம். 2008 கடைசியில் பரவிய கான்ஃபிக்கர் புழு, டிஎல்எல்லாக வந்து அசல் எஸ்விசிஹோஸ்டின் முதுகிலேயே ஏறிக்கொண்டது. அசல் சுமைகாரர், கள்ளச் சுமை. கையால் விசாரிப்பது எந்த அளவுக்கு உதவும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு அது நல்ல உதாரணம். நெட்பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டர் என்பதால், ஸ்கேனுக்குப் பிறகும் ஏதாவது வித்தியாசமாக நடந்தால் டிசைன் கோப்புகளை மட்டும் வெளி டிஸ்கில் எடுத்துவைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே நல்லது. அரை நாள் வேலை, ஆனால் முகூர்த்த மாதத்தில் ஆர்டர் நடுவே செய்வதை விட இப்போது செய்வது மேல்.

ஃபயர்வால் போட்டுக் கொடுத்த தம்பியின் எண்ணம் நல்லதுதான், திட்டாதீர்கள். அவன் போட்ட பெட்டி இல்லையென்றால் ஆறாவதின் ஊர் உங்களுக்குத் தெரிந்தே இருக்காது. ஆனாலும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்கும் ஃபயர்வாலுக்கு நான் எதிரி. பத்தாவது கேள்விக்குள் ஆள் சலித்துப் போய் எதையும் படிக்காமல் ஒரே பொத்தானை அழுத்தத் தொடங்கிவிடுவார். நீங்களே ஒரு வாரம் ‘விடு’, ஒரு நாள் ‘தடு’ என்று இரண்டையும் செய்து காட்டிவிட்டீர்கள். எக்ஸ்பி காலத்தில், 2004 ஆகஸ்டில் வந்த இரண்டாம் சர்வீஸ் பேக்கிலிருந்தே விண்டோஸின் சொந்த ஃபயர்வால் தானாக இயங்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் வேலைக்கு அது போதும். வெளியிலிருந்து அழைக்காமல் உள்ளே வருபவர்களைத் தடுக்கும், உள்ளிருந்து போகிறவர்களைப் பற்றி வழக்கமாக உங்களைக் கேட்காது.

அதுவும் எப்போதாவது ஒரு பெட்டி காட்டும். அதன் அர்த்தமே வேறு. இந்தச் செயலி வெளியே போகலாமா என்பதைக் கேட்காது, வெளியிலிருந்து யாராவது இந்தச் செயலியின் கதவைத் தட்டினால் திறக்கலாமா என்றுதான் கேட்கும். பிரைவேட், பப்ளிக் என்று இரண்டு டிக் இருக்கும். புது பிரிண்டர் மென்பொருள் போடுகிறபோது வந்தால் பிரைவேட் மட்டும் போதும். நீங்கள் எதையும் புதிதாகப் போடாதபோது திடீரென்று வந்தால் கேன்சல் கொடுங்கள். பெரும்பாலான செயலிகள் கேன்சல் கொடுத்தாலும் வழக்கம்போல இணையத்துக்குப் போய் வரும்.

இரண்டு ஸ்கேனும் முடிந்ததும் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’ பக்கத்தில் அது ஒரு பெயர் சொல்லும். அதை அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள். வெறும் விளம்பரம் காட்டும் வகையா, கடவுச்சொல் திருடும் வகையா என்று அந்தப் பெயரிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். கடவுச்சொல் திருடும் வகை என்றால், நீங்கள் கணினியில் திறந்துவைத்திருக்கும் எல்லாக் கணக்குகளிலிருந்தும் ஒரேயடியாக வெளியேறும் வேலை ஒன்று பாக்கி இருக்கும்.